ஒன்றாய் உட்கார்ந்தவர்கள்

அரூரில் எரிந்த மோட்டாருக்குச் செம்புக்கம்பி சுற்றிக் காயில் கட்டும் வீரமணியிடம் அவனுடைய குருவின் செல்போன் நம்பர் கிடையாது. ஒரு காலத்தில் இருந்தது, அவனே அழித்துவிட்டான். அதைப் பெருமையாக வேறு சொல்லிக்கொள்வான். "எதுக்குங்க நம்பரு? நான் வேற, அவங்க வேறயா?" என்று கேட்டுவிட்டு ஒரு சிரிப்புச் சிரிப்பான் பாருங்கள், எதிரில் நிற்கிற மனுசனுக்கு எரிச்சல் பற்றிக்கொண்டு வரும். தக்காளிக்குத் தண்ணீர் இல்லையே என்ற கவலையில் எரிந்துபோன மோட்டாரைத் தூக்கிக்கொண்டு வந்த விவசாயி, இவனுடைய வேதாந்தத்துக்கு என்ன பதில் சொல்வான்? தலையை ஆட்டிவிட்டுப் போவான்.

குரு என்றதும் காவியும் தாடியும் நினைவுக்கு வர வேண்டாம். நஞ்சம்மாள் அங்கன்வாடியில் பிள்ளைகளுக்குச் சத்துமாவு உருண்டை பிடித்துக் கொடுத்து ஓய்வு பெற்றவள். புருசன் போய் முப்பது வருசம், பிள்ளை குட்டி இல்லை. தீர்த்தமலைக்குப் போகிற வழியில் மரவள்ளிக் காட்டின் நடுவே ஓட்டு வீடு ஒன்று அவளுக்கு இருந்தது. மலைமேல் மண்டபத்தில் தங்கியிருந்த ஒரு சாமியாரிடம் இளவயதில் தியானம் கற்றுக்கொண்டவள். அவளிடம் கற்றுக்கொண்டவர்கள் ஏழே பேர். பலகை எழுதி மாட்டவில்லை, உண்டியல் வைக்கவில்லை, யாரையும் வா என்று கூப்பிட்டதுமில்லை.

வீரமணி அவளிடம் வந்து சேர்ந்தது பதினாறு வருசத்துக்கு முன்னால். ஒன்பது வயது மகன் கவின் நாலே நாள் காய்ச்சலில் போய்விட்டான். அதன் பிறகு வீரமணி கடையைத் திறக்கவில்லை, சோறு இறங்கவில்லை, தூக்கம் என்பதே மறந்துபோயிற்று. ஒருநாள் தீர்த்தமலைப் படிக்கட்டில் மணிக்கணக்காக உட்கார்ந்திருந்தவனை, கோயிலுக்குப் போய்விட்டு இறங்கி வந்த நஞ்சம்மாள் பார்த்தாள். என்ன ஏது என்று ஒரு வார்த்தை கேட்கவில்லை. பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள்.

"தனியா சுமக்காத சாமி. பாதிய எங்கிட்ட குடு" என்றாள்.

அவ்வளவுதான். வீரமணி அங்கேயே, போகிற வருகிறவர்கள் பார்க்க, வாய்விட்டு அழுதான். மகன் செத்த பிறகு அவன் அழுதது அன்றைக்குத்தான்.

அவள் சொல்லிக்கொடுத்த முறை எளிமையானது. விடியற்காலை ஐந்து மணிக்கு அவள் தன் வீட்டில் உட்காருவாள், இவன் அரூரில் உட்கார வேண்டும். முதலில் அவள் முகத்தை மனசில் நிறுத்த வேண்டும். அடுத்து அந்த முகத்துக்குள்ளே தன் முகத்தை வைக்க வேண்டும். அப்புறம் இரண்டையும் விட்டுவிட வேண்டும். "வூடு ரெண்டு, உக்கார்றது ஒண்ணு. எனக்குள்ள வர்றது உனக்கும் வரும், உனக்குள்ள வர்றது எனக்கும் வரும். குருவும் சிஷ்யனும் ரெண்டு ஆளுன்னு நெனைக்கிற வரைக்கும் அது வெறும் கண்ண மூடறதுதான்" என்பாள். எழுந்ததும் வீரமணி போன் போட்டு உள்ளே என்ன வந்தது என்று சொல்ல வேண்டும். இது உன்னுது, இது என்னுது என்று அவள் பிரித்துச் சொல்வாள்.

முதல் வருசம் ஒருநாள் அவன் வாயைத் திறப்பதற்கு முன்பே அவள் சொன்னாள், "இன்னிக்கு நெஞ்செல்லாம் கல்லு வெச்ச மாதிரி கனம். என்னுது இல்ல அது. உன்னுது." அன்றைக்குக் கவினுடைய பிறந்தநாள். வீரமணிக்கு உடம்பெல்லாம் புல்லரித்தது. இந்த உலகத்தில் தன் துக்கத்தைத் தனக்குப் பதிலாக இன்னொரு நெஞ்சு சுமக்கிறது என்றால் அதைவிட ஒரு மனுசனுக்கு என்ன வேண்டும்? அன்றிலிருந்து அவன் பிழைத்துக்கொண்டான். மறுபடி கடை திறந்தான், மறுபடி சாப்பிட்டான். பெற்றவள் அமுதவல்லிதான் பாவம், அவள் துக்கத்தைப் பங்கு போட்டுக்கொள்ள யாரும் வரவில்லை. அவள் அடுப்படியில் தனியாக அழுது முடித்தாள்.

ஆறு வருசம் கழித்து ஒரு பௌர்ணமியன்று, ஏழு பேரும் கூடியிருந்த நேரத்தில் நஞ்சம்மாள் சொன்னாள், "வீரமணி, இனிமே நீ எனக்கு போன் பண்ணாத. கேக்கறது எதுவா இருந்தாலும் உனக்குள்ள கேளு. அங்க பதில் சொல்றது நான்தான்." பிறகு தான் உட்காரும் பலகையில் கொஞ்சம் நகர்ந்து இடம் விட்டாள். அவளுடைய குரு அவளுக்கு அப்படித்தான் செய்தாராம். ஒன்றாகிப்போன சிஷ்யன் குருவை விழுந்து கும்பிடக்கூடாது, ஒரே பலகையில் உட்கார வேண்டும், அதுதான் அவர்கள் வழக்கம். மற்ற ஆறு பேரும் அவள் காலுக்கு மஞ்சள் தண்ணீர் ஊற்றிப் பொட்டு வைத்தபோது, அவன் காலுக்கும் வைத்தார்கள். பொய் சொல்வானேன், அவனுக்கு அது பிடித்திருந்தது. ரொம்பவே பிடித்திருந்தது.

அன்று சாயங்காலமே நம்பரை அழித்தான். முதலில் வாரம் ஒருமுறை போய்ப் பார்த்துக்கொண்டிருந்தவன் மாதம் ஒருமுறை என்று ஆக்கினான். பிறகு பௌர்ணமிக்குப் போவதையும் குறைத்துக்கொண்டான். போனால் இன்னும் இரண்டு பேர் என்ற நினைப்பு இருப்பதாகத்தானே அர்த்தம்? மற்ற ஆறு பேருக்கும் ஏதாவது சந்தேகம் என்றால் நஞ்சம்மாளைத் தொந்தரவு செய்யாமல் அவனையே கேட்க ஆரம்பித்தார்கள். அவன் கண்ணை மூடுவான், கொஞ்ச நேரம் இருப்பான், "அம்மா இப்படிச் சொல்றாங்க" என்பான். நஞ்சம்மாளும் அதைக் கேள்விப்பட்டுச் சந்தோசப்பட்டாளே தவிர, மறுத்து ஒரு வார்த்தை சொன்னதில்லை.

போன ஐப்பசியில் ஒரு செவ்வாய்க்கிழமை. வெளியே தூறல். ஐந்து மணிக்கு உட்கார்ந்த வீரமணிக்கு அன்றைக்கு முகத்தை நிறுத்த வேண்டிய வேலையே இருக்கவில்லை. உட்கார்ந்த மாத்திரத்தில் எல்லாம் அடங்கிவிட்டது. பஞ்சு மூட்டையில் சாய்ந்தது போல ஒரு சுகம். உடம்பு இருக்கிற இடமே தெரியவில்லை, கவின் நினைவு வந்தது, அதுகூட வலிக்கவில்லை. பதினாறு வருசத்தில் இப்படி ஒருநாள் வாய்த்ததில்லை. கண்ணைத் திறந்தபோது மணி ஏழு. அம்மா தன்னிடம் இருப்பதையெல்லாம் அள்ளிக் கொடுத்துவிட்டாள் என்று நினைத்து, இருந்த இடத்திலேயே கும்பிட்டான்.

பத்து மணிக்குக் கடையில் இருக்கும்போது சுகுணா கூப்பிட்டாள். ஏழு பேரில் அவளும் ஒருத்தி, நஞ்சம்மாளுக்குப் பக்கத்து வீடு. மகள் பிரசவத்துக்காகத் திருப்பூர் போய் ஒரு வாரம் ஆகியிருந்தது.

"அண்ணா, அம்மா நேத்துலருந்து போன எடுக்கலைங்க. நாலஞ்சு தடவ போட்டுட்டன். எனக்கு என்னமோ மாதிரி இருக்குதுங்க. ஒரு எட்டு போய்ப் பாக்கறீங்களா?"

"இரு சுகுணா. கேட்டுச் சொல்றன்."

காயில் கட்டுகிற மேசையிலேயே கண்ணை மூடினான். காலையில் இருந்த அதே சுகம், அப்படியே இருந்தது. அதற்குள்ளிருந்து தெளிவாக ஒரு எண்ணம் எழுந்தது: நான் நல்லா இருக்கிறேன், யாரும் வர வேண்டாம். இரண்டு நிமிசத்தில் அவளைத் திரும்பக் கூப்பிட்டான்.

"உள்ள கேட்டுட்டன். அம்மா பரம சந்தோசமா இருக்காங்க. மௌனத்துல இருக்காங்கன்னு நெனைக்கிறன், தொந்தரவு பண்ணாத. யாரும் வர வேணாம்னு சொல்றாங்க, நேர்ல போகவே வேண்டியதில்ல."

"அப்படீங்களா அண்ணா? இப்பத்தான் உசுரே வந்துச்சு" என்றாள் சுகுணா. நம்பினாள். வேறு யாராவது என்றால் உள்ளே கேட்டேன் என்ற பேச்சுக்கு வாய்விட்டுச் சிரித்திருப்பார்கள். இவர்கள் நம்புவார்கள்.

மத்தியானம் சாப்பாடு போடும்போது அமுதவல்லியிடம் இதைச் சொன்னான். அவள் கரண்டியை வைத்துவிட்டு அவனையே பார்த்தாள்.

"வயசான பொம்பள ரெண்டு நாளா போன எடுக்கலன்னா பஸ்ஸேறிப் போய்ப் பாக்கணுங்க. கண்ண மூடிக்கிட்டு என்னத்தப் பாத்தீங்க?"

"உனக்கு அது புரியாது."

"எனக்குப் புரிய வேணாம். அரை மணி நேரப் பஸ்ஸு. போய்ட்டு வந்துருங்க."

வீரமணி சிரித்தான். அந்தச் சிரிப்பைத்தான் முதலிலேயே சொன்னேனே. அவன் போகவில்லை. புதன்கிழமை விடியற்காலையும் உட்கார்ந்தான், அதே சுகம், இன்னும் கொஞ்சம் கூடுதலாக.

புதன்கிழமை பதினோரு மணிக்கு ஒரு புது நம்பரிலிருந்து போன் வந்தது. மறுமுனையில் தஸ்தகீர். மொபெட்டில் பெட்டி கட்டி ஊர் ஊராக வர்க்கியும் ரஸ்க்கும் விற்கிறவர்.

"மோட்டார் கடை வீரமணிங்களா? இங்க மரவள்ளிக் காட்டு வூட்டு ஆயா பாத்ரூம்ல வுழுந்து கெடக்கறாங்க. திங்கக்கெழம காலையில வுழுந்தாங்களாம். இடுப்பு ஒடைஞ்சிருக்கும் போலிருக்குது, உசுரு இருக்குது. நூத்தியெட்டுக்கு போன் போட்டுட்டன். ஆயா போன்லருந்து உங்க நம்பர எடுத்தன். வாயத் தெறந்தா உங்க பேரத்தான் சொல்றாங்க. வேற பேரே வரல."

வீரமணி எப்படித் தர்மபுரி ஆஸ்பத்திரிக்குப் போய்ச் சேர்ந்தான் என்று அவனுக்கே தெரியாது. பஸ்ஸில் நின்றுகொண்டே போனான், உட்கார இடம் இருந்தும் உட்காரவில்லை. திங்கட்கிழமை, செவ்வாய்க்கிழமை, புதன்கிழமை என்று விரலை மடக்கி மடக்கி எண்ணினான். எத்தனை தடவை எண்ணினாலும் அதேதான் வந்தது. அவனுக்குப் பஞ்சு மூட்டையாக இருந்த இரண்டு விடியலிலும் அவள் ஈரச் சிமெண்டுத் தரையில் கிடந்திருக்கிறாள். கூடவே இன்னொன்றும் ஞாபகத்துக்கு வந்து தொலைத்தது. அந்தப் பிறந்தநாள் விசயம். அதற்கு முந்தின வாரம் அவளிடம் பேசும்போது, "வர்ற வெள்ளிக்கெழம பையனுக்குப் பொறந்தநாளுங்கம்மா" என்று இவன்தான் சொல்லியிருக்கிறான். சொன்னதை எப்படியோ பதினாறு வருசம் மறந்திருந்தான்.

வார்டு வாசலில் தஸ்தகீர் நின்றுகொண்டிருந்தார். பெட்டியோடு மொபெட்டை அங்கேயே விட்டுவிட்டு ஆம்புலன்சில் கூடவே வந்தவர், அதுவரை பச்சைத் தண்ணீர் குடிக்கவில்லை.

"நேத்தும் வந்தங்க. ஹாரன் அடிச்சன், ஆயா ஆயான்னு நாலு தடவ கூப்பிட்டன். சத்தமே இல்ல. மலைக்குப் போயிருப்பாங்கன்னு நெனச்சன். இன்னிக்கி வந்து பாத்தா கதவு அப்பிடியே தெறந்து கெடக்குது, உள்ள ஆடு பூந்து நிக்குது. அப்பறந்தான் பின்னால போய்ப் பாத்தன். நேத்தே பாத்திருக்கணுங்க. பாவி, பாக்காம போய்ட்டன்." அவர் கண் கலங்கியது. வீரமணியால் அவர் முகத்தைப் பார்க்க முடியவில்லை.

டாக்டர் எதையும் மறைக்கவில்லை. எலும்பு ஒரு பக்கம் இருக்கட்டும், இத்தனை நேரம் தண்ணீர் இல்லாமல் நனைந்து கிடந்ததில் சிறுநீரகம் கெட்டுவிட்டது, நெஞ்சில் சளி கட்டிவிட்டது, முதல் நாளே கொண்டுவந்திருந்தால் பார்த்திருக்கலாம் என்றார். நீங்க மகனா என்று கேட்டார். வீரமணி ஆமாம் என்று தலையை ஆட்டினான்.

வியாழக்கிழமை மத்தியானம் நஞ்சம்மாளுக்கு நினைவு தெளிந்தது. கொஞ்சம் தண்ணீர் கேட்டாள், பஞ்சில் நனைத்து உதட்டில் வைத்தான். அவள் அவனையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"வந்துட்டியா?"

"வந்துட்டங்கம்மா."

"உன்னத்தான் கூப்பிட்டுக்கிட்டு இருந்தன்."

"அம்மா, தஸ்தகீர் பாய் செவ்வாய்க்கெழம வந்து கூப்பிட்டாராம். உங்களுக்குக் கேக்கலைங்களா?"

"கேட்டுச்சு. நல்லாவே கேட்டுச்சு."

"அப்பறம் ஏம்மா சத்தம் குடுக்கல? தொண்ட வரலைங்களா?"

"வந்துச்சு. அன்னிக்கு நல்லாத்தான் இருந்துச்சு." அவள் மூச்சு வாங்கிக்கொண்டாள். "உன்ன உள்ள கூப்பிட்டுட்டன், நீ பஸ்ஸேறிட்ட, வந்துக்கிட்டே இருக்கறன்னு நெனச்சன். அதுக்கப்பறம் வெளிய நிக்கறவரக் கூப்பிட்டா உன்ன நம்பாத மாதிரி ஆயிடாதா? வாய மூடிக்கிட்டன். ஹாரன் சத்தம் அந்தப் பக்கமா போயிடுச்சு."

வீரமணி கட்டில் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றான். ஐயோ, ஒரு குரல் கொடுத்திருந்தால் போதுமே! பத்தடி தூரத்தில் ஒரு மனுசன் நின்றிருக்கிறான். அவன் கூப்பிட்டது காதில் விழுந்திருக்கிறது. இந்த மடையன் வருவான் என்று நம்பி, வந்த உதவியைப் போகவிட்டிருக்கிறாள்.

"நான் கூப்பிட்டது உனக்கு எப்பிடி வந்துச்சு?" என்று அவள் கேட்டாள். அந்த முகத்தில் இன்னும் ஒரு ஆசை இருந்தது. ஏதோ கொஞ்சமாவது வந்தது, லேட்டாக வந்தது, தெளிவில்லாமல் வந்தது, இப்படி எதையாவது சொல்ல மாட்டானா என்ற ஆசை.

பொய் சொல்லியிருக்கலாம். இத்தனை வருசமாகப் பழகிய வாய்தான். ஆனால் அந்த நேரத்தில் அவனால் முடியவில்லை.

"வரலைங்கம்மா."

"ஒண்ணுமே வரலியா? அப்ப என்ன இருந்துச்சு?"

"சொகமா இருந்துச்சுங்க. எப்பவும் இல்லாத அளவுக்கு." சொல்லிவிட்டு அவன் அழுதான். "சுகுணா போன் போட்டுப் போய்ப் பாருங்கன்னு சொல்லுச்சுங்கம்மா. நான் உள்ள கேட்டன். நீங்க நல்லா இருக்கறன்னு சொன்ன மாதிரி இருந்துச்சு. வர வேணாம்னு சொன்ன மாதிரி இருந்துச்சு. நான் வரல."

நஞ்சம்மாள் அவன் முகத்திலிருந்து பார்வையைத் திருப்பினாள். பக்கத்துக் கட்டிலில் ஒரு பெண் தன் மாமியாருக்கு இட்லியைப் பிசைந்து ஊட்டிக்கொண்டிருந்தாள்.

"எங்க குரு மலை மேல மண்டபத்துல தனியாத்தான் போய்ச் சேந்தாரு" என்றாள். "மூணு நாள் கழிச்சு மாடு மேய்க்கறவங்க பாத்தாங்க. அந்த மூணு நாளும் எனக்கு ஆனந்தமா இருந்துச்சு. அவரு கரை சேந்துட்டாரு, அதான் எனக்குத் தெரியுதுன்னு எல்லார்கிட்டயும் சொன்னன். உங்க ஏழு பேருக்கும் அதச் சொல்லித்தான் சொல்லிக்குடுத்தன்." அவள் கண்ணோரம் வழிந்தது. துடைக்கக் கை எழவில்லை. "அவரும் என்னத்தான் கூப்பிட்டிருப்பாரு போல."

"அம்மா, அப்பிடியெல்லாம் சொல்லாதீங்க."

"வலி தாங்கல வீரமணி. மூணு நாளா தாங்கல. நாம ஒண்ணா இருந்திருந்தா உனக்கும் கொஞ்சம் வலிச்சிருக்கும்."

அவன் அவள் காலைப் பிடித்துக்கொண்டான். பத்து வருசமாகத் தொடாத கால். ஐஸ் மாதிரிச் சில்லிட்டிருந்தது.

"ரெண்டு பேருதான்" என்றாள் அவள். "எப்பவும் ரெண்டு பேருதான் இருந்திருக்கறோம். சொல்லித் தந்தது நான்தான். நீ அழுவாத." இதைச் சொல்லிவிட்டு முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டாள். அதற்குப் பிறகு அவள் பேசவில்லை. அவன் அம்மா அம்மா என்று கூப்பிட்டதற்கும் திரும்பவில்லை. கேட்டதா இல்லையா என்று யாருக்குத் தெரியும்?

வெள்ளிக்கிழமை காலை ஒன்பது மணிக்கு உயிர் போனது. அப்போது வீரமணி கட்டிலுக்குப் பக்கத்தில் ஸ்டூலில் உட்கார்ந்து அவள் கையைப் பிடித்துக்கொண்டிருந்தான். நர்ஸ் வந்து சொல்லும் வரை அவனுக்குத் தெரியவில்லை. அவ்வளவு கிட்டத்தில் இருந்தும் அவனுக்கு ஒன்றும் தெரியவில்லை.

திருப்பூரிலிருந்து சுகுணா பத்தரை மணிக்கு வந்து சேர்ந்தாள். மற்ற ஐந்து பேரும் அதற்குள் வந்து ஆஸ்பத்திரி வாசல் வேப்பமரத்தடியில் நின்றிருந்தார்கள். அவர்கள் வீரமணியைச் சுற்றிக் கைகட்டி நின்ற விதத்தைப் பார்த்தால், இனிமேல் பலகையில் அவன் ஒருத்தன்தான் உட்கார வேண்டும் என்று முடிவாகிவிட்டது தெரிந்தது. ஓய்வு பெற்ற கண்டக்டர் சவுரியப்பன், வேளாங்கண்ணிக்கும் நடப்பவர், இங்கேயும் வந்து உட்காருபவர், குனிந்து அவன் காலைத் தொடப் போனார். வீரமணி துள்ளிப் பின்னால் நகர்ந்தான்.

சுகுணா பையைக் கீழே போட்டுவிட்டு நேராக அவனிடம் வந்தாள். அழுது முகம் வீங்கியிருந்தது. அவன் மேல் அவளுக்குக் கோபம் இருந்த மாதிரியே தெரியவில்லை. அதுதான் அவனால் தாங்க முடியாததாக இருந்தது.

"அண்ணா, அம்மா என்ன சொன்னாங்க? செவ்வாய்க்கெழம ஏன் வர வேணாம்னு சொன்னாங்க? ஏதாவது காரணம் இருக்குமில்லீங்களா? நீங்க கேட்டுச் சொல்லுங்கண்ணா. எதுத்த காட்டு செல்லம்மாக்காவுக்கு போன் போட்டிருந்தா அன்னிக்கே ஓடிப் போய்ப் பாத்திருப்பாங்க. போனக் கையில எடுத்துட்டன். நீங்க சொன்னதால வெச்சுட்டன். அம்மா ஏன் அப்பிடிச் சொன்னாங்க?"

ஆறு பேரும் அவன் கண்ணை மூடுவான் என்று காத்திருந்தார்கள். வீரமணி மூடவில்லை.

"அம்மா சொல்லல சுகுணா. அவங்க அன்னிக்கு வா வான்னு கூப்பிட்டுக்கிட்டு இருந்தாங்க."

"அப்ப வர வேணாம்னு சொன்னது யாருங்கண்ணா?"

"நான்தான்."

சுகுணாவுக்கு முதலில் புரியவில்லை. பிறகு புரிந்தது. கையை ஓங்கினாள். அடித்திருந்தால்கூட அவன் பிழைத்திருப்பான். அவள் அந்தக் கையைத் தன் வாயிலேயே வைத்துப் பொத்திக்கொண்டு, போன் வைத்திருந்த இன்னொரு கையைப் பார்த்தபடி அங்கேயே தரையில் உட்கார்ந்துவிட்டாள்.